சந்தேகக் கோட்டையில் நான்கு நாள்

அப்பா தவறியபின் ஏழெட்டு மாதம் நான் ஜெபிக்கவே இல்லை. தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து சபைக்கு ஐந்து நிமிட நடை. அம்மாவுக்காக ஞாயிறு தவறாமல் போவேன். பாட்டு வரும்போது வாயை மட்டும் அசைப்பேன்.

அப்போதுதான் டிரங்குப் பெட்டியில் அட்டை கிழிந்த 'மோட்சப் பிரயாணம்' அகப்பட்டது. 1678-இல் ஜான் பனியன் ஆங்கிலத்தில் வெளியிட்ட கதை. இதைத் தழுவித்தான் நம்ம திருநெல்வேலி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். தாத்தாவுக்கு அதில் பல பாட்டு மனப்பாடம், எனக்கு ஒன்றுகூட நிற்கவில்லை. சரி, உரைநடையாவது படிப்போம் என்று சயானிலிருந்து மஸ்ஜித் வரை மும்பை லோக்கல் ரயிலில் நின்றபடியே படித்தேன்.

கதைநாயகன் கிறிஸ்தியான் மோட்சத்துக்கு நடந்து போகிறான்; அவன் முதுகில் சுமக்கும் பாவப் பாரம் சிலுவையடியில் கழன்று உருளுவது ஞாயிறு பள்ளியிலேயே கேட்டதுதான். அதோடு கதை முடிந்தது என்று நினைத்திருந்தேன். இல்லை. அதற்கு வெகுதூரம் கழித்து, பாதை கரடாக இருக்கிறதே, கால் வலிக்கிறதே என்று கிறிஸ்தியானும் கூட்டாளியும் பக்கத்துப் புல்வெளியில் இறங்கி வழி தவறுகிறார்கள். ஓர் அரக்கன் பிடித்துச் சந்தேகக் கோட்டையில் அடைக்கிறான். புதன் காலையிலிருந்து சனி இரவுவரை சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, அடி வேறு. பேசாமல் செத்துப்போங்கள் என்று அவனே யோசனையும் சொல்கிறான். சனி நள்ளிரவில் ஜெபிக்கத் தொடங்கி, விடியப்போகும் நேரத்தில்தான் கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது: நெஞ்சோடு ஒரு சாவி வைத்திருக்கிறோமே! அதன் பெயர் வாக்குத்தத்தம், அதாவது கடவுள் கொடுத்த வாக்கு. வெளிக்கதவுப் பூட்டு மட்டும் லேசில் திறக்காமல் அடம்பிடிக்கிறது. பனியன், பிரசங்கித்ததற்காக 12 வருஷம் சிறையிருந்த மனுஷர், பூட்டைப் பற்றித் தெரியாதா?

சிலுவையைக் கண்டவனும் உள்ளே மாட்டுவான் என்று எந்தப் பிரசங்கத்திலும் என் காதில் விழுந்ததில்லை. ரயில் பாஸ் உறையில், புத்தாண்டு ஆராதனையில் எடுத்த, வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை மடங்கிக் கிடந்தது. அழுதேன் என்றெல்லாம் கதை விடமாட்டேன். மஸ்ஜித் வந்துவிட்டது, இறங்கினேன். ராத்திரி அம்மா ஜெபித்து முடித்தபோது மட்டும் 'ஆமென்' சத்தமாக வந்தது.

—

தம்பி, எனக்கு நேர் எதிர். செம்பூரில் கல்யாணத்துக்கு முன்னால் கிறிஸ்தவ நாவல்களாக விழுங்கினவள் நான். கடைசி அத்தியாயத்தில் நோய் குணமாகிவிடும், குடிகாரப் புருஷன் முழங்கால்போடுவான். எனக்குக் கரு கலைந்தபோது, என் விசுவாசத்தில்தான் ஓட்டை என்று ஒரு வருஷம் என்னையே குத்திக்கொண்டேன். இப்போதும் படிக்கிறேன். கடைசிப் பத்துப் பக்கத்தை மட்டும் நம்புவதில்லை.

—

மாட்டுங்காவில் எங்கள் சித்தப்பா, "கட்டுக்கதைக்குச் செலவழிக்கிற நேரத்தில் வேதத்தைப் படி" என்பார். "கெட்ட குமாரன் யார் வீட்டுப் பையன் சித்தப்பா, விலாசம் தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா சொன்ன கடைசிப் பத்துப் பக்கத்துக்காக, அப்புறம் இயேசு சொன்ன அந்தக் கெட்ட குமாரன் கதை வரும் லூக்கா 15-ஐ மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஊதாரித் தம்பி திரும்பி வந்ததற்கு அப்பா விருந்து வைத்ததில் கோபித்துக்கொண்டு வெளியே நின்ற மூத்த மகன் கடைசியில் உள்ளே போனானா, இல்லையா என்று இயேசு சொல்லவே இல்லை.