கடைசியில் யாரும் பிரியாத காதல் படம் ஏதாவது சொல்லுங்கள்

மாங்காய் மண்டி, காவேரிப்பட்டணம்

வணக்கம். ஆடி பிறந்தாச்சு, பெங்களூரா மாங்காய் வரத்து ஓய்ந்துவிட்டது. மாங்கூழ் கம்பெனிக்காரர்களோடு விலைக்கு மல்லுக்கட்டுவதும் இந்த வருஷத்துக்கு முடிந்தது. ஆவணி வந்தால் எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருஷம். மண்டபம், கேக் எதுவும் வேண்டாமாம். "போன் வந்துச்சுன்னு பாதியில எழுந்து போகாம ஒரு படம் முழுசா என்கூட உட்கார்ந்து பாருங்க, போதும்" என்று வீட்டம்மா சொல்லிவிட்டாள். காதல் படமாக இருக்க வேண்டும், கூடவே மூன்று நிபந்தனை. யாரும் சாகக் கூடாது. யாரும் பிரியக் கூடாது. கல்யாணமான யாரும் பழைய காதலைத் தேடிப் போகக் கூடாது.

மூன்றாவது நிபந்தனைக்குக் காரணம் நான்தான். 2018இல் '96' படத்துக்குக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப் போனேன். பள்ளிக்கூடக் காதலியின் நினைவுப் பொருள்களை ராம் என்கிறவன் ஒரு பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் கதை. முடிந்து வண்டியில் திரும்பும்போது பேச்சே இல்லை. அணைக்குத் திரும்பும் ரோட்டைத் தாண்டியதும் பின்னாலிருந்து கேட்டாள்: "அந்த ராம் மாதிரி நீங்களும் ஒரு பெட்டி வச்சிருக்கீங்களா?" இருக்கிறது என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் பரண் மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொல்லித் திறந்து பார்த்தாள். மண்டிக் கணக்கு நோட்டு, வராத பாக்கிச் சீட்டு, ஒரு பழைய தராசுப் படிக்கல். அன்றைக்குச் சிரித்தாள். ஆனால் இன்னும் மறக்கவில்லை.

நான் யோசித்துப் பார்த்த வரையில், நம் படங்களில் காதல் நிலைக்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் பிரிந்தாக வேண்டும். 'அழகி'யில் அப்படித்தான், 'ஆட்டோகிராஃப்' படத்திலும் அப்படித்தான். ஒரே வீட்டில் 25 வருஷம் இருந்தவர்களுக்கு என்று ஒரு படம் இல்லையா?

ஓசூர் ஷிப்ட்காரன்

அண்ணா, 'அலைபாயுதே' பாருங்க. 2000இல் வந்தது, உங்க கல்யாண வருஷம். மத்த படம் தாலி கட்டி முடிக்கிற இடத்துல இது ஆரம்பிக்கும். ஒளிஞ்சு கல்யாணம், அப்புறம் ஒரே வீட்டுல சண்டை, கடைசியில ஆஸ்பத்திரி. ஆனா பிழைச்சிடுவாங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு பஸ்ஸுல அந்தப் பாட்டெல்லாம் கேட்டுக்கிட்டுதான் ரூமுக்கு வருவேன். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை, அதனால என் பேச்சுக்கு எவ்வளவு மதிப்புன்னு தெரியல.

மாங்காய் மண்டி, காவேரிப்பட்டணம்

தம்பி, நன்றி. அவளிடம் சொன்னேன். "அதுல ஹீரோயின் சக்தியோட அப்பா செத்துப்போவாரு" என்றாள். முதல் நிபந்தனையிலேயே அடிபட்டுவிட்டது.

பழைய ஆபரேட்டர், பென்னாகரம் பக்கம்

டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவன் நான். ஒரே மெஷின், அதனால் ரீலுக்கு ரீல் நிறுத்தி மாட்ட வேண்டும். கார்பன் குச்சி தேயத் தேயத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரையில் வெளிச்சம் மங்கும், மணல் தரையிலிருந்து விசில் பறக்கும். படத்தைவிட ஜனத்தைத்தான் அந்தச் சின்ன ஓட்டை வழியாக நான் அதிகம் பார்த்தேன்.

புருஷன் பெண்டாட்டி படம் என்றால் 'வியட்நாம் வீடு' (1970) தான். சிவாஜியும் பத்மினியும். ரிட்டையர் ஆன மனுஷனை வீட்டிலேயே யாரும் மதிக்காதபோது அந்த அம்மா மட்டும் மாறாமல் நிற்பாள். பழைய பிரிண்ட், கோடு கோடாக ஓடும். அப்படியும் அந்த 'உன் கண்ணில் நீர் வழிந்தால்' பாட்டுக்குப் பெண்கள் பக்கம் சத்தமே இருக்காது. முறுக்கு விற்கிற பையன்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிற்பான். ஆனால் கடைசியில் சிவாஜி போய்விடுவார். உங்கள் வீட்டம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்.

அப்படியானால் 'ரோஜா' (1992). 'சின்னச் சின்ன ஆசை' பாட்டில் வருகிறதே அருவி, அதில் நம் ஒகேனக்கலும் உண்டு. கடத்திக்கொண்டு போன புருஷனை மீட்க, பாஷை தெரியாத ஊரில் ஒரு கிராமத்துப் பெண் அதிகாரி, மந்திரி என்று ஒருவரையும் விடாமல் போய் நிற்கிறாள். உயிரோடு திரும்பியும் வருகிறான். என்ன, அவர்களுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். 25 வருஷக் கணக்குக்கு அது போதுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

'மௌன ராகம்' பற்றியும் யாராவது சொல்வார்கள். நல்ல படம், நானே எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். ஆனால் கல்யாணப் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்கிறவனிடம் விவாகரத்து வேண்டும் என்கிற பெண்ணின் கதையைக் கல்யாண நாளில் போடாதீர்கள்.

பாலக்கோட்டு மருமகள்

நான் சொல்லப்போகிற படம் சின்னப் பசங்க படம் என்று பேர் வாங்கியது. 'ஓ காதல் கண்மணி', 2015. துல்கரும் நித்யா மேனனும் கல்யாணம் வேண்டாம் என்று மும்பையில் ஒரு வீட்டில் சேர்ந்து இருக்கிற கதை. அவர்களை விடுங்கள். அந்த வீட்டுக்காரர் கணபதியையும் அவர் மனைவி பவானியையும் பாருங்கள். பிரகாஷ்ராஜ், லீலா சாம்சன். அந்த அம்மாவுக்கு மறதி நோய். பெரியவர் அதற்காகக் கண்ணீர் விட்டு வசனம் பேசுவதில்லை, கூடவே இருக்கிறார், அவ்வளவுதான்.

எங்கள் மாமியாருக்கும் மூன்று வருஷமாக அதே மறதி. என்னை யார் என்று ஒருநாள் கேட்பார், ஒருநாள் தன் தங்கை என்பார். மாமனார் தினமும் சாயந்தரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு முழம் கனகாம்பரம் வாங்கி வருவார். முடியெல்லாம் கொட்டிவிட்டது, பூ நிற்காது. ஹேர்பின்னை வாயில் கடித்துக்கொண்டு, காதுக்குப் பின்னால் ஒன்று, மேலே ஒன்று என்று குத்தி நிற்க வைப்பார். அத்தை அவரைப் பார்த்து, "யாருங்க நீங்க, நல்லா வைக்கிறீங்களே" என்பார். "பக்கத்து ஊருதாங்க" என்று இவரும் சொல்லுவார். பெண் பார்க்கப் போனபோது அவர் சொன்ன பதில் அதுதானாம்.

அந்தப் படத்தை இவர்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. வால்யூமை மட்டும் கொஞ்சம் கூட்டச் சொன்னார். உங்கள் வீட்டம்மாவின் மூன்று நிபந்தனையும் இதில் தாங்கும் அண்ணா.

மாங்காய் மண்டி, காவேரிப்பட்டணம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நேற்றுதான் கல்யாண நாள். நிப்பட்டு ஒரு பொட்டலம் வாங்கி வந்து, போனை அணைத்து அவளிடமே கொடுத்துவிட்டு, ஓ காதல் கண்மணி போட்டோம். நித்யா மேனன் பாடி அந்த அம்மாவைச் சம்மதிக்க வைக்கிற இடத்தில், "நானும் பள்ளிக்கூடத்துல பாடுவேன், உங்களுக்குத் தெரியாது" என்றாள். உண்மையிலேயே தெரியாது. பாடு என்றேன். படத்தைப் பாருங்க என்றாள்.

ஆனால் பாதி கூடத் தாண்டவில்லை, தூங்கிவிட்டாள். கூழ் சீசன் முழுக்க விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஆட்களுக்குச் சோறு ஆக்கினவள், எழுப்ப மனசு வரவில்லை. படத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன். காலையில் எழுந்ததும் முதல் கேள்வி, "அந்தப் பாட்டியம்மாவுக்கு ஒண்ணும் ஆகலைதானே?" நான் மேலே பார்க்கவில்லை, அதனால் தெரியாது என்றேன். மீதியை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறோம். அதுவரை யாரும் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.

பழைய ஆபரேட்டர், பென்னாகரம் பக்கம்

இடைவேளை இவ்வளவு நீளமாக விட்டிருந்தால் எங்கள் கொட்டகையில் கீற்றைப் பிய்த்திருப்பார்கள். பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரைப் பாடச் சொல்லிவிட்டு அப்புறம் படத்தைப் போடுங்கள்.