தில்லிக் குளிரில் மொட்டைமாடி விருந்து: ஒரே வாயில் போட்டுக்கொள்ள என்ன செய்யலாம்?

வினா: மயூர்விகார்வாசி

எங்கள் குடியிருப்பில் டிசம்பர் 25 அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மொட்டைமாடியில் ஏறத்தாழ நாற்பது பேர் கூடுவதாக ஏற்பாடு. தமிழ்க் குடும்பங்கள் பாதி. மீதி பஞ்சாபியர், வங்காளியர், மலையாளிகள் எனக் கலந்த கூட்டம். இரவுச் சாப்பாடு அவரவர் வீட்டில்தான். ஆகவே பந்தி விரிக்காமல், வெயிலில் நின்று பேசியபடியே கையில் எடுத்து ஒரே வாயில் போட்டுக்கொள்ளும்படியான சிறு பலகாரங்களை, இனிப்பும் காரமுமாக, நம் பக்குவத்திலேயே செய்து தருவதாக நானும் என் மனைவியும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

சென்னையில் கண்ணை மூடிக்கொண்டு செய்த பலகாரங்கள் இங்கே குளிர்காலத்தில் வேறு மாதிரி நடந்துகொள்கின்றன என்பதுதான் எங்கள் கவலை. மாவு புளிப்பதில்லை; ரவா லட்டு கல்லாகிவிடுகிறது; வாணலியிலிருந்து எடுத்தது மாடிக்குப் போவதற்குள் ஆறிவிடுகிறது. வருபவர்களில் சிலர் முட்டை சேர்க்காதவர்கள், பல் வலுவில்லாத பெரியவர்களும் இருக்கிறார்கள். எவற்றை முன்கூட்டியே செய்து வைக்கலாம், எவற்றை அங்கேயே சூடாகச் செய்ய வேண்டும், ஆளுக்கு எத்தனை என்று கணக்கிடுவது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: ஆர்.கே.புரம் மாமி

சூடாக ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள் என்பது என் கருத்து. அந்த ஒன்று குழிப்பணியாரமாக இருக்கட்டும். ஒரே மாவில் காரமும் இனிப்பும் வரும், ஒரு பணியாரம் ஒரு வாய், கையில் எண்ணெய் வழியாது, பல் இல்லாதவர்களும் சாப்பிடலாம். வடக்கத்தியர்களும் இதை அப்பே என்று அறிந்திருக்கிறார்கள். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தில்லி டிசம்பரில் எல்லாம் கெடுவது அங்கேதான். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் வேண்டும். நம் சமையலறைகளோ அந்த மாதத்தில் இரவில் 15 டிகிரிக்கும் கீழே போய்விடுகின்றன. சென்னையில் எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவு இங்கே ஒரு நாள் முழுவதும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே 23 ஆம் தேதி மாலையே அரைத்துவிடுங்கள். அரிசியோடு சிறிது வெந்தயம் ஊறட்டும், அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள், கையால் நன்றாக அடித்துக் கலந்து, மூடிய பாத்திரத்தை மின்அடுப்புப் பெட்டிக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு வையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் சூடு தாங்கும் ஹாட்பாக்ஸில் ஊற்றி, பழைய ரஜாய் (பஞ்சு மெத்தைப் போர்வை) ஒன்றைச் சுற்றி வைத்தாலும் போதும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு இருக்கக் கூடாது. பொங்கி வழிந்தால் ரஜாயை வெளுக்கப் போடுவது தனி வேலை.

உப்புப் போடுவதற்கு முன்பே இனிப்புப் பணியாரத்துக்கான மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து, பொங்கிய உடனே குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். புளிப்பு ஏறிய மாவில் வெல்லம் சேராது. வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, கொதிக்கவிட்டு, வடிகட்டி, முழுக்க ஆறிய பிறகு ஊற்ற வேண்டும். வெல்லம் கூடினால் பணியாரம் குழியில் ஒட்டிக்கொண்டு உள்ளே களியாக நிற்கும். இரண்டு கைப்பிடி கோதுமை மாவு சேர்த்தால் அந்தத் தொல்லை குறையும். மேல்பக்கம் சீக்கிரம் கருத்துவிடும் என்பதால் இனிப்புக்குத் தீ எப்போதும் சிறியதாகவே இருக்க வேண்டும். காரத்துக்குச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பல்லு பல்லாக நறுக்கிய தேங்காய், கடுகு, கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்துக் கொட்டுங்கள். டிசம்பரில் பச்சைப் பட்டாணி மலிவு. ஒரு பிடி வேகவைத்துச் சேர்த்தால் தில்லிக்காரர்களுக்கு அந்தப் பணியாரம் சொந்தமாகிவிடும்.

ஒரு கிலோ மாவில் சிறிய குழியானால் 35 முதல் 40 வரை வரும். இரவுச் சாப்பாடு வேறு இருப்பதால் மொத்தத்தில் ஆளுக்கு எட்டுத் துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று பணியாரமாக இருந்தால் மூன்றரைக் கிலோ மாவு தாராளமாகப் போதும்.

மறுமொழி 2: குமரிக்காரி

மாமி சொன்ன பணியாரத்தோடு முழு உடன்பாடு. இனிப்பைப் பொறுத்தவரை, கிறிஸ்துமஸ் அன்று கூடுகிறீர்கள் என்பதால், எங்கள் நாகர்கோவில் பக்கத்து முந்திரிக்கொத்தை நான் முன்மொழிகிறேன். அதில் முட்டை இல்லை, பால் இல்லை, இரண்டு வாரம் வரை கெடாது, குளிரிலும் உள்ளே மெத்தென்றே இருக்கும். வழக்கமாக மூன்று உருண்டைகளை ஒட்டிக் கொத்தாகப் பொரிப்போம். உங்கள் தேவைக்குத் தனித்தனி உருண்டையாக, நெல்லிக்காய் அளவில் செய்யுங்கள்.

அரைக் கிலோ பாசிப்பயறை மணம் வரும்வரை சிறு தீயில் வறுத்து, ஆறியதும் ரவை போல உடைத்துக்கொள்ள வேண்டும். நைஸாக மாவாக்கினால் உருண்டை வாயில் பசைபோல ஒட்டும். ஒரு தேங்காயைத் துருவி ஈரம் போகப் பொன்னிறமாக வறுங்கள். நாள்பட வைத்திருக்க முடிவது இந்த வறுப்பினால்தான். கறுப்பு எள், சுக்கு, ஏலக்காய் சேர்த்து, 400 கிராம் வெல்லத்தைக் கெட்டிப் பாகாகக் காய்ச்சி ஊற்றிக் கிளறிச் சூட்டோடு உருட்ட வேண்டும். தில்லியில் சோதனை இந்த இடத்தில்தான் வரும். பாதி உருட்டுவதற்குள் பாகு இறுகி, கலவை மணலாக உதிர ஆரம்பிக்கும். கலவைப் பாத்திரத்தை வெந்நீர் ஊற்றிய அகலப் பாத்திரத்தின்மேல் வைத்துக்கொண்டு உருட்டினால் கடைசி உருண்டைவரை இளகியே இருக்கும்.

உருண்டைகளை ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் பச்சரிசி மாவில் மஞ்சள்தூளும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கரைத்த மாவில் முக்கிப் பொரியுங்கள். பஜ்ஜி மாவைவிடச் சற்று இளக்கமாக, ஆனால் உருண்டையை முழுவதும் மூடும்படி இருக்க வேண்டும். எங்காவது திறந்திருந்தால் உள்ளிருக்கும் வெல்லம் எண்ணெயில் இறங்கி, அந்த ஈடு முழுவதும் கறுத்துப்போகும். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். உள்ளே எல்லாம் ஏற்கெனவே வெந்ததுதான், மேல்மாவு மொறுமொறுப்பானால் எடுத்துவிடலாம்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி தேங்காய் எண்ணெயில் பொரிக்க ஆசையாக இருந்தாலும் இந்த முறை வேண்டாம். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மாடிக் காற்றில் ஒவ்வோர் உருண்டையின்மேலும் வெள்ளைப் பூச்சுப் படிந்து, வாயில் மெழுகுபோல ஒட்டும். கடலை எண்ணெய் நல்லது. உங்கள் ரவா லட்டுக்கும் இதே காரணம்தான்: குளிரில் நெய் உறைந்து இறுகுகிறது. லட்டை அரை மணி நேரம் வெயிலில் மூடி வைத்துவிட்டுப் பரிமாறினால் பழைய பதத்துக்கு வந்துவிடும்.

அச்சு முறுக்கு செய்வதானால் எங்கள் வீட்டு முறையில் முட்டை உண்டு, அதை விட்டுவிடுங்கள். இனிப்பு மாவைச் சிறு சோழிபோலச் சுருட்டிப் பொரிக்கும் கல்கல் செய்யலாம், குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் பல் வலுவில்லாதவர்கள் பக்கம் அதை நீட்ட வேண்டாம்.

மறுமொழி 3: சேலத்தான், லட்சுமி நகர்

இனிப்பை இரண்டுக்கு மேல் போகவிடாதீர்கள். டிசம்பரில் தில்லி வீடுகளுக்கு வெறுங்கையோடு யாரும் வருவதில்லை. எள் மிட்டாய்களான கஜக், ரேவடி, பிளம் கேக், கேரட் அல்வா என்று விருந்தினர்களே கொண்டுவந்து குவிப்பார்கள்; நீங்கள் செய்த இனிப்பு மறுநாள் உங்கள் வீட்டிலேயே இருக்கும். மாமி சொன்ன எட்டில் ஆறு காரமாக இருக்கட்டும்.

காரத்தில் எங்கள் ஊர்த் தட்டுவடை செட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு சிறு தட்டுவடைகளுக்கு இடையில் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், மேலும் கீழும் சட்னி. பாப்டி சாட் (மொறுமொறு மைதாத் தட்டைமேல் சட்னி ஊற்றிய வடக்கத்திப் பலகாரம்) தின்று வளர்ந்தவர்கள் ஒன்றைப் போட்டதும் அடுத்ததற்குக் கை நீட்டுவார்கள். இங்கே கிடைக்கும் சிவப்புக் கேரட் இந்தக் குளிர்மாதங்களில்தான் இனிப்பாக இருக்கும். தட்டுவடையை அரிசி மாவில், வறுத்தரைத்த உளுந்து மாவு, ஊறிய கடலைப்பருப்பு, வெண்ணெய் சேர்த்து இரண்டு அங்குல அகலத்துக்குத் தட்டிப் பொரித்து, மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே டப்பாவில் அடைத்துவிடலாம். கடையில் விற்கும் மைதா பாப்டியைப் பயன்படுத்தினால் சட்னி பட்ட நிமிடத்தில் துவண்டுவிடும். அரிசித் தட்டுவடை சற்று நேரம் தாங்கும்.

பீட்ரூட் துருவலை ஒரு துணியில் இட்டுப் பிழிந்துவிடுங்கள். உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் அடுக்கும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும், முன்பே சேர்த்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். சிவப்புச் சட்னிக்குக் காய்ந்த மிளகாயும் பூண்டும், பச்சைச் சட்னிக்குக் கொத்தமல்லியும் புதினாவும். இரண்டும் தோசைக்கு அரைப்பதைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் நாற்பதையும் அடுக்கி வைக்காமல், ஒருவர் மேசையருகே நின்று பத்துப் பத்தாக அடுக்கிக் கொடுப்பதே முறை.

டப்பாக்களைக் காலையில் திறக்காதீர்கள். மூடுபனி நாளில் தில்லிக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு எந்த முறுக்கும் தாக்குப்பிடிக்காது.

மயூர்விகார்வாசி

மூவருக்கும் நன்றி. பணியாரம் இரண்டு வகை, முந்திரிக்கொத்து, தட்டுவடை செட், இவற்றோடு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய மினி இட்லியைக் குச்சியில் குத்தி வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். சின்ன வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் ஐ.என்.ஏ. சந்தையில் வாங்கிக்கொள்கிறோம். ஒரே ஓர் ஐயம் மிச்சம்: மாடியில் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துப் பணியாரம் ஊற்றலாமா, அல்லது கீழே வீட்டில் ஊற்றி ஹாட்பாக்ஸில் மேலே கொண்டுபோவதா?

ஆர்.கே.புரம் மாமி

முதலில் உங்கள் பணியாரக் கல்லைத் திருப்பிப் பாருங்கள். அடியும் குழி குழியாக இருந்தால் அது இண்டக்‌ஷனில் சரியாகச் சூடேறாது. வெறும் அலுமினியக் கல்லானால் அடி தட்டையாக இருந்தாலும் சூடேறாது. அடி தட்டையான இரும்புக் கல் அதற்குப் பொருந்தும். மாடியில் கேஸ் அடுப்பு வைத்தால் காற்றில் தீ ஒரு பக்கமாகச் சாயும், பாதிக் குழிகள் வேகும், பாதி வேகாது. குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்தில் சிலிண்டரை வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே கீழேயே ஊற்றுங்கள். இரண்டு கல் இருந்தால் ஒன்றைக் காரத்துக்கும் மற்றொன்றை இனிப்புக்கும் ஒதுக்கிவிடலாம். ஹாட்பாக்ஸின் அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, மேலேயும் ஒரு துணியால் மூடிய பிறகே மூடியைப் போடுங்கள். இல்லையெனில் ஆவி நீராகச் சொட்டி மேல் மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும். இருபது இருபதாக மேலே அனுப்புங்கள். அரிசிப் பலகாரம் ஆறினால் விறைத்துக்கொள்ளும், பிறகு யாரும் தொடமாட்டார்கள். மினி இட்லிக்கும் அதே விதிதான். அதை முன்கூட்டியே குச்சியில் குத்தி மேசையில் பரப்பி வைக்க வேண்டாம்.

அந்த வாரத்தில் மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், அதன்பிறகு பெரியவர்கள் மாடியில் நிற்கமாட்டார்கள். கடைசிப் பணியார ஈடு ஐந்து மணிக்குள் மாடிக்கு வந்துவிடும்படி இரண்டரைக்கே ஊற்ற ஆரம்பியுங்கள். தட்டுக்குப் பதில் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் இலைத் தொன்னைகளை வாங்கிக்கொள்ளுங்கள். பணியாரம் இரண்டும் சட்னி ஒரு கரண்டியும் அதில் அடங்கும்.