வயதான தாயாருடன் பழனி மலையேறுவதற்கு எந்த வழி ஏற்றது?

கேள்வி (வெள்ளவத்தை, கொழும்பு):
வணக்கம். எழுபது வயதைத் தாண்டிய எனது தாயார் கதிர்காமக் கந்தனைப் பலமுறை தரிசித்தவர். பழனி ஆண்டவரையும் இராஜ அலங்காரத்தில் ஒரு தடவையேனும் கண்டுவிட வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. தைப்பூசத்தை ஒட்டிக் கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து வாகனத்தில் பழனிக்குப் போக எண்ணியுள்ளோம். முழங்கால் வலி காரணமாக அவரால் படியேற இயலாது. ரோப் கார் (கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் பெட்டி), விஞ்ச் (தண்டவாளத்தில் கம்பிவடத்தால் இழுக்கப்படும் பெட்டி) ஆகிய இரண்டில் எது அவருக்கு ஏற்றது?

பதில் 1:
அன்புடன் ஒன்றை முதலில் கேட்டுக்கொள்கிறேன், தங்கையே: தைப்பூசத்தைத் தவிர்த்துவிடுங்கள். காவடியோடு பாதயாத்திரையாக இலட்சக்கணக்கானோர் வந்து சேரும் அந்த நாட்களில், முழங்கால் வலியுள்ள ஒருவர் வரிசையில் நிற்பதே பெரும் துன்பம். கார்த்திகை நட்சத்திரமும் சனி, ஞாயிறும் அல்லாத ஒரு நாளைத் தெரிவு செய்யுங்கள்.

ரோப் கார் சில நிமிடங்களில் மேலே சேர்த்துவிடும் என்றாலும், காற்று பலமாக வீசினால் அதை நிறுத்திவிடுவார்கள். பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாளும் ஆண்டில் தொடர்ச்சியாகப் பல நாட்களும் அது ஓடாது. ஆகவே, மலையைச் சுற்றியுள்ள கிரிவீதியின் மேற்குப் பகுதியிலிருந்து 1966 முதல் இயங்கிவரும் விஞ்சை நம்பியே பயணத்தைத் திட்டமிடுங்கள். இராஜ அலங்காரம் மாலைச் சாயரட்சைப் பூசையில்தான் நடைபெறும். காலையில் சென்றால் தாயார் காண்பது வேறு கோலமாக இருக்கும். எனவே பிற்பகலிலேயே விஞ்ச் நிலையத்துக்குச் சென்றுவிடுங்கள். கிரிவீதிக்குள் வாடகை வாகனங்களை அனுமதிப்பதில்லை. தேவஸ்தானத்தின் பேட்டரி கார்கள் அங்கே ஓடுகின்றன.

பதில் 2:
மேலே கூறியது முற்றிலும் சரி. ஆனால், மலைக்கோயிலை மட்டும் தரிசித்துவிட்டுத் திரும்புவோரைக் காணும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது. நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் மூன்றாம் படைவீடாகப் பாடிய ஆவினன்குடி, அடிவாரத்தில் உள்ள திருவாவினன்குடிக் கோயில்தான். குழந்தை வேலாயுதசுவாமி மயில்மீது வீற்றிருக்கும் அந்தச் சந்நிதிக்கு மலையேற வேண்டியதில்லை என்பதால், தாயார் அங்கு ஆறுதலாக வழிபடலாம். அங்கே வணங்கிவிட்டு மலைக்குச் செல்வதே மரபு. மேலே, நவபாஷாணத் (ஒன்பது பாஷாணங்களின் கலவை) திருமேனியை உருவாக்கியவர் எனப் போற்றப்படும் சித்தர் போகரின் சமாதியையும் தவறவிடாதீர்கள்.

பதில் 3:
மலைக்கோயிலுக்குள் கைத்தொலைபேசி கொண்டுசெல்லத் தடை உள்ளது; அடிவாரத்திலேயே ஒப்படைக்க வேண்டும். கூட்டத்தில் பிரிய நேர்ந்தால் எங்கே சந்திப்பது என்பதைத் தாயாருடன் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பஞ்சாமிர்தத்தை, தேவஸ்தான விற்பனை நிலையத்திலேயே வாங்குங்கள்.