கலைச்சொல்: வீட்டிலிருந்து கொட்டகைக்குப் போகும் "சப்மெயின்" – ஊட்டுவடமா, கிளைவடமா?

மடல் 1

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஐடிஐ மின்பணியாளர் பயிற்சிக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும். வீட்டு மெயின் போர்டிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கோ மோட்டார் அறைக்கோ தனிக் கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு டிபி பாக்ஸ் (பகிர்வுப் பெட்டி) வைக்கிறோம். இரண்டு பெட்டிக்கும் நடுவே ஓடும் கேபிளைக் களத்தில் எல்லோரும் சப்மெயின் என்கிறார்கள். பழைய வரைவில் "துணை முதன்மை" என்று இருக்கிறது. துணையாகவும் இருந்துகொண்டு முதன்மையாகவும் எப்படி இருக்கும் என்று மாணவர் கேட்டால் சொல்லப் பதில் இல்லை.

ஊட்டுவடம், கிளைவடம், துணைவடம் என்ற மூன்றை முன்வைக்கிறேன். கையேட்டில் வரும் எடுத்துக்காட்டு இது: தூரம் 40 மீட்டர், ஒற்றை முனை 230 வோல்ட், மாட்டுத் தீவனத் தட்டையை வெட்டும் 2 எச்பி மோட்டார், சிறிய கறவை இயந்திரம், நாலு விளக்கு. எல்லாம் ஓடும்போது 16 ஆம்பியர்.

— பயிற்றுநர், ஈரோடு


மடல் 2

ஐயா, வணக்கம்.

மூன்றிலும் சிக்கல் இருக்கிறது.

ஊட்டுவடம் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளிப் பாடத்தில் "மின்னூட்டம்" வேறு பொருளில் ஊறிவிட்டது. எலெக்ட்ரானுக்கு இருப்பது மின்னூட்டம். அதே வேரை இங்கேயும் கொண்டுவந்தால் பத்தாம் வகுப்பு முடித்து வரும் பிள்ளைகள் குழம்புவார்கள்.

கிளைவடம் இன்னும் ஆபத்து. பெட்டியில் ஒரு எம்சிபியிலிருந்து (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் முறிப்பான்) கிளம்பி விளக்கிலோ பிளக்கிலோ முடியும் சுற்றைத்தான் "கிளைச்சுற்று" என்கிறோம். நீங்கள் கேட்கும் கேபிள் எந்தச் சுமையிலும் முடிவதில்லை, இன்னொரு பெட்டியில் முடிகிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், விளக்குச் சுற்றுக்குப் போடும் கனத்திலேயே இதையும் போடுவார்கள். களத்தில் அடிக்கடி நடக்கும் தவறே இதுதான்.

உங்கள் எடுத்துக்காட்டையே போட்டுப் பார்ப்போம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பில், போகவர இரண்டு கம்பியும் சேர்த்து, மீட்டருக்கும் ஆம்பியருக்கும் 18 மில்லிவோல்ட் இழப்பு. 16 ஆம்பியர், 40 மீட்டர் என்றால் 11.5 வோல்ட் போய்விடும். 4 சதுரத்தில் 7 வோல்ட். 6 சதுரத்தில் 4.7 வோல்ட், அதாவது 2 சதவீதம். 2.5 சதுரத்திலும் விளக்கு எரியும். "கரண்ட் வருதே" என்று விட்டுவிடுவார்கள். மோட்டார் கிளம்பும்போதுதான் தெரியும். 11 ஆம்பியரில் ஓடும் மோட்டார் கிளம்பும் நொடியில் ஏறத்தாழ ஐந்து மடங்கு, 55 ஆம்பியர் இழுக்கும். அப்போது 2.5 சதுரத்தில் மட்டும் 40 வோல்ட் வரை விழும். மாலையில் வீட்டுக்கு வருவதே 216 வோல்ட் என்றால், மோட்டாருக்குக் கிடைப்பது 176. முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதால் 60 சதவீதம்கூட மிஞ்சாது. மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், கப்பாசிட்டர் போகும், பிறகு சுருள் கருகும். "மோட்டார் மட்டம்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். 6 சதுரம் போட்டிருந்தால் 200 வோல்ட் கிடைத்து, முக்கால் பங்கு விசையோடு கிளம்பியிருக்கும்.

செம்பு விலை கட்டுப்படியாகாவிட்டால் 10 சதுர அலுமினியம் போடலாம். 6 செம்புக்கும் 10 அலுமினியத்துக்கும் தடை ஒன்றுதான், கிலோமீட்டருக்கு 3.08 ஓம். ஆனால் செம்புக் கம்பியோடு சேரும் இடத்தில் பைமெட்டாலிக் லக் (செம்பும் அலுமினியமும் சேர்த்துச் செய்த இணைப்பு முனை) கட்டாயம். வெறுமனே முறுக்கிவிட்டால் ஈரத்தில் அரித்து, இணைப்பு சூடாகி, பெட்டியே உருகும்.

துணைவடம் பரவாயில்லை. துணைமின் நிலையம் என்று மக்கள் ஏற்கெனவே சொல்கிறார்கள். இருந்தாலும் "துணை" என்றால் அவசரத்துக்கு வைத்திருக்கும் மாற்று என்றும் படிக்கலாம். ஜெனரேட்டர் கேபிள் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள்.

— மின்பொறியாளர், கோவை


மடல் 3

வணக்கம்.

இலங்கைப் பாடநூல்களில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் உயிர்க்கம்பி, நொதுமல் கம்பி, புவிக்கம்பி என்றே எழுதுகிறோம். கேபிளுக்கு மின்வடம். எனவே "வடம்" இரண்டு கரைக்கும் பொது, அதை விட வேண்டாம்.

இரண்டு பெட்டிகளுக்கு இடையே ஓடுவதால் "இடைவடம்" என்றால் என்ன? சொல்லும் சிறிது, எங்கு தொடங்கி எங்கு முடிகிறது என்பதும் அதிலேயே இருக்கிறது.

ஒரு பயன்பாட்டுக் குறிப்பும்: இங்கு ரிப் சுவிச் என்று சொல்லும் 30 மில்லி அம்பியர்க் கருவி (உங்கள் ஆர்சிசிபி; போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் வேறுபட்டால் துண்டிப்பது) பெரும்பாலும் வீட்டுப் பெட்டியில் ஒன்றுதான் இருக்கும். கொட்டகையில் ஈரம் பட்டால் வீடு முழுக்க இருளும். வீட்டில் 100 மில்லி அம்பியர் காலத் தாமத வகையும் கொட்டகைப் பெட்டியில் 30 மில்லி அம்பியர் வகையும் வைத்தால், கொட்டகைப் பிழை கொட்டகையோடு நிற்கும். வீட்டுச் சுற்றுகளுக்கென்று தனி 30 வேண்டும். இரண்டு இடத்திலும் 30 என்றால் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது.

— மின்னியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்


மடல் 4

> இரண்டு பெட்டிகளுக்கு இடையே ஓடுவதால் "இடைவடம்"

இதை முழுமனதாக ஆதரிக்கிறேன், ஐயா. இன்னொரு காரணமும் உண்டு: வழியில் எதையும் பிரிக்கக் கூடாது என்பதையும் இந்தச் சொல் தாங்கும். போகிற வழியில் கிணற்றடி விளக்குக்கு என்று நடுவில் வெட்டி, டேப் சுற்றி, மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். முதல் மழையில் டேப்புக்குள் நீர் இறங்கும். செம்பு பச்சையாகப் பூக்கும், அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். பிறகு மழை வரும்போதெல்லாம் ஆர்சிசிபி விழும். கிணற்றடி விளக்கு வேண்டுமானால் கொட்டகைப் பெட்டியிலிருந்து தனிச் சுற்றாகத் திரும்பி வரட்டும்.

கையேட்டில் சொல்லோடு படமும் வரும் என்பதால், படத்தில் விடுபடக் கூடாத ஒன்றைச் சொல்கிறேன். நம் வீட்டு இணைப்பில் மின்வாரியம் தருவது ஃபேஸ், நியூட்ரல் இரண்டுதான். எர்த் நாம் மண்ணில் வெட்டும் எர்த் குழியிலிருந்து வருகிறது. கொட்டகைப் பெட்டியில் நியூட்ரல் பார், எர்த் பார் இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடக் கூடாது. "எர்த் சரியில்லை, நியூட்ரலோடு சேர்த்துவிடு" என்று யாராவது ஒரு துண்டுக் கம்பி போட்டால், திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு மண் வழியாகப் போகும். வீட்டு ஆர்சிசிபி அதைக் கண்டுபிடித்து விழுந்துகொண்டே இருக்கும். "தொல்லை" என்று அதைக் கழற்றி எறிவார்கள். அதன்பின் என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால், எரிகிற விளக்கின் வழியாகவே கறவை இயந்திரச் சட்டம், தண்ணீர்க் குழாய், தொழுவக் கம்பி எல்லாவற்றிலும் மின்சாரம் ஏறி நிற்கும். மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், ஈரத்தரையில் நிற்கிறது, மின்னோட்டம் நெஞ்சு வழியாகவே போகும். மனிதருக்கு "சுருக்" என்று படுவது மாட்டைச் சாய்த்துவிடும்.

குழி நன்றாக இருந்தால் எம்சிபியே போதும் என்பாரும் உண்டு. கொட்டகைக் குழி 5 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கம் 2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ் சட்டத்தில் பட்டால் ஓடுவது 33 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் எம்சிபி அதற்கு விழவே விழாது. சட்டத்தில் 164 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். உப்பும் கரியும் போட்டு எவ்வளவு நல்ல குழி வெட்டினாலும் ஆர்சிசிபிக்கு மாற்று இல்லை.

எனவே இடைவடத்தில் மூன்று இழை: ஃபேஸ், நியூட்ரல், எர்த். கொட்டகையிலும் ஒரு குழி வெட்டி, வரும் எர்த்தை அங்குள்ள எர்த் பாரில் சேர்க்க வேண்டும்.

— மின்பணி மேற்பார்வையாளர், நாமக்கல்


மடல் 5

நாமக்கல் அம்மா எழுதியதோடு, கேபிளைப் புதைப்பதையும் இரண்டு வரி சேர்க்கலாம். ஆர்மர்டு கேபிள் (உலோகக் கம்பிக் கவசம் உள்ளது), 75 சென்டிமீட்டர் ஆழம், அடியில் மணல், மேலே மணல், அதன்மேல் செங்கல் வரிசை, பிறகு மண். டிராக்டர் கடக்கும் இடத்தில் 1 மீட்டர் ஆழம், குழாய்க்குள். இரு முனையிலும் கிளாண்டு (கேபிளைப் பெட்டியோடு இறுக்கும் உலோகக் கவ்வி) போட்டு ஆர்மர் கம்பிகளை விரித்து இறுக்கி எர்த்தில் சேர்க்க வேண்டும். வெட்டி டேப் ஒட்டிவிட்டால் அந்தக் கவசத்தால் பயனில்லை: மண்வெட்டி ஃபேஸைத் தொட்டாலும் மின்சாரம் எர்த்துக்குப் போக வழி இருக்காது, மண்வெட்டி பிடித்தவர் உடம்புதான் வழி.

சொல்லைப் பொறுத்தவரை, எனக்கு "இடை" கேட்டதும் இடைக்கால ஏற்பாடு என்ற நினைப்பு வருகிறது. தற்காலிக இணைப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

— மின் ஒப்பந்தக்காரர், மதுரை


மடல் 6

மதுரை நண்பரின் ஐயம் நியாயமானதுதான். ஆனால் இடைச்சுவர், இடைவழி, இடைநிலை எல்லாம் நிலையாக இருப்பவைதான். "கால"த்தோடு சேரும்போதுதான் தற்காலிகப் பொருள் வருகிறது. "வடம்" சேர்ந்தால் அது வராது. வேறு மறுப்பு இல்லாவிட்டால் கையேட்டில் இப்படிப் போகும்:

தலைப்பெட்டி: மீட்டருக்கு அடுத்த முதல் பகிர்வுப் பெட்டி.

இடைவடம்: தலைப்பெட்டியில் தனி முறிப்பானிலிருந்து (எம்சிபி) கிளம்பி, வழியில் எந்தச் சுமையும் பிரியாமல், மற்றொரு பகிர்வுப் பெட்டியில் முடியும் மின்வடம். (வழக்கில்: சப்மெயின்.)

துணைப்பெட்டி: இடைவடம் முடியும் பெட்டி. உள்ளே நுழைந்ததும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் இருமுனைச் சுவிட்ச், அதையடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. நியூட்ரலும் எர்த்தும் இதனுள் இணையா.

"துணை"யைப் பெட்டிக்கு வைத்துக்கொண்டேன். துணைமின் நிலையம் போலவே, அது ஓர் இடத்தைக் குறிக்கும்போது மாற்று ஏற்பாடு என்ற பொருள் வருவதில்லை. ஆர்சிசிபிக்கான சொல்லைத் தனி இழையில் தொடங்குகிறேன். "கசிவு முறிப்பான்" என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் அந்தக் கருவி பார்ப்பது போன மின்னோட்டத்துக்கும் வந்த மின்னோட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை. நாமக்கல் அம்மா சொன்ன நியூட்ரல்–எர்த் பிழையில் கசிவே இல்லாமலும் அது விழுகிறது என்பதைப் புதுச்சொல் விளக்க வேண்டும்.

— பயிற்றுநர், ஈரோடு