பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்: மைல்ஸ் கணக்கில் எப்படிப் பதிவு செய்தீர்கள்?

வணக்கம். தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கமிருந்து சிங்கப்பூர் வேலைக்குப் போய்வரும் தம்பிகளுக்கு மைல்ஸ் கணக்கு (பறக்கும்போது விமான நிறுவனம் தரும் புள்ளிகளைச் சேர்க்கும் கணக்கு) தொடங்கிக் கொடுக்கிறோம். ஒரு விஷயத்தில் உங்கள் உதவி வேண்டும்.

நம்மவர்கள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் (குடும்பப் பெயர்) கட்டம் காலி. டிக்கெட் போடும் ஏஜென்ட் ஒருவர் அதே பெயரை இரண்டு தடவை அடிக்கிறார், இன்னொருவர் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று சேர்க்கிறார். கணக்கில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் மைல்ஸ் ஏறாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல்ஸ் திட்டமான கிரிஸ்ஃப்ளையரிலோ ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்பிலோ ஒற்றைப் பெயரோடு சேர்ந்தவர்கள், சர்நேம் கட்டத்தில் என்ன போட்டீர்கள்? பெயரைத் திருத்த என்ன ஆவணம் கேட்டார்கள்?

மற்றதெல்லாம் பார்த்தாகிவிட்டது. கிரிஸ்ஃப்ளையரில் பறந்த தூரமும், டிக்கெட்டில் கட்டண வகையைக் குறிக்கும் புக்கிங் கிளாஸ் எழுத்தும்தான் எத்தனை மைல்ஸ் என்று தீர்மானிக்கும். கூட்டணியில் உள்ள வேறு நிறுவன விமானத்தில் சில மலிவு எழுத்துகளுக்கு ஒன்றுமே கிடைக்காது. ஒரு பயணத்தை ஒரே திட்டத்தில்தான் வரவு வைக்கலாம். கிரிஸ்ஃப்ளையரில் விட்டுப்போன மைல்ஸைப் பறந்த 6 மாதத்துக்குள் கேட்க வேண்டும், அதற்கு 13 இலக்க டிக்கெட் எண் தேவை. அதனால் போர்டிங் பாஸை ஏர்போர்ட்டிலேயே கிழித்துப் போட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் தயவுசெய்து சொல்லுங்கள். கிரிஸ்ஃப்ளையரில் சேர்ந்த மைல்ஸ் 3 வருடத்தில் காலாவதியாகும், பெயர்ச் சிக்கலில் மாதங்கள் போவது வீண்.

பதிலோடு படம் போடுவதானால் பிஎன்ஆரையும் (புக்கிங் குறியீடு) பார்கோடையும் மறைத்துவிடுங்கள். அவை இருந்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் புக்கிங்கைத் திறந்துவிடலாம்.