நேரா ஒட்டின டைல்ஸ் ஏன் சாய்வாத் தெரியுது?

கேள்வி:
சமையலறைச் சுவர்ல கறுப்பும் வெள்ளையும் மாத்தி மாத்தி ஒட்டச் சொன்னேன். வரிசைக்கு வரிசை அரை டைல் தள்ளி, இடையில சாம்பல் கலர் கிரவுட் (டைல் இடைவெளியை அடைக்குற பூச்சு). இப்போ ஒவ்வொரு வரிசையும் ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் விரியுற மாதிரி இருக்கு. ஆனா ரசமட்டம் வெச்சா குமிழி நடுவுலதான் நிக்குது, நூல் பிடிச்சாலும் நேர். அம்மா நம்பவே மாட்டேங்கிறாங்க. பேர்த்துட்டுத் திரும்ப ஒட்டணுமா?

பதில் 1:
தயவுசெஞ்சு பேர்க்காதீங்க. ஒட்டினவர் வேலை சுத்தம். இதுக்குப் பேரே ‘கஃபே வால்’ மாயை, அதாவது காபிக் கடைச் சுவர்க் கண்மாயை. இங்கிலாந்துல பிரிஸ்டல் நகரத்துக் காபிக் கடை ஒண்ணோட சுவர் அச்சு அசல் இப்படித்தான். அதை வெச்சு ரிச்சர்ட் கிரெகரி, பிரிசில்லா ஹெர்டுன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1979ல ஆய்வுக்கட்டுரை எழுதினாங்க. கறுப்பும் வெள்ளையும் எதிரெதிரா வர்ற இடத்துல, நடுவுல இருக்குற சாம்பல் கோடு துளி சாய்ஞ்ச மாதிரி கண்ணுக்குப் படுது. அந்தத் துளிச் சாய்வுகளை மூளை கோர்த்து ஒரே நீளச் சரிவாக்கிடுது. எனக்கு ரொம்பப் பிடிச்ச மாயை இது, உண்மை தெரிஞ்சாலும் விலகாது!

பதில் 2:
அம்மாவைச் சுவரோரமா நின்னு, கிரவுட் கோட்டோட நீளவாக்குல பார்க்கச் சொல்லுங்க. நேர்னு அவங்களே சொல்வாங்க. உறுத்தினா கிரவுட்டை டைல் மாதிரியே நல்ல கறுப்பாக்குங்க. சாம்பல் போனா சாய்வும் நல்லாக் குறைஞ்சிடும்.

கேள்வி கேட்டவர்:
ஒரு கோட்டுல கறுப்பு டேப் ஒட்டினேன். அந்தக் கோடு மட்டும் சட்டுனு நிமிர்ந்துடுச்சு! எங்க சுவர்ல இருக்குறது எபாக்ஸி (ஒரு வகைப் பிசின்) கிரவுட், அது மேல கறுப்புச் சாயம் பிடிக்குமா?