புதுப்பிப்பு: கிராண்ட் கேன்யன் ஆர்வி பயணம்

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஆர்வி (உள்ளேயே படுக்கை, சமையலறை, கழிப்பறை உள்ள வண்டி) வாடகைக்கு எடுத்து, நாங்கள் இருவர் மட்டும் கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்குப் போய்வர எந்த அளவு வண்டி சரிவரும், எங்கே தங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

25 அடி நீள கிளாஸ் சி (ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை நீண்டிருக்கும் நடுத்தர ஆர்வி) வண்டிக்கு முன்பணம் கட்டியாயிற்று. தெற்கு விளிம்பில் உள்ள மேத்தர் முகாமில் 30 அடிக்கு மேல் அனுமதி இல்லை என்றதும் பெரிய வண்டி ஆசையை என் கணவர் அரைமனதாக விட்டார். கடைசியில் தங்கப்போவது, எல்லா இணைப்பும் உள்ள ட்ரெய்லர் வில்லேஜ் முகாமில்! மேத்தரில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு எதுவும் கிடையாது. அக்டோபர் இரவு, 7,000 அடி உயரம். குளிரில் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை.

நாள் வாடகை மலிவுதான். அப்புறம் மைல் கணக்கு, ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கு, பாத்திரம், படுக்கை விரிப்புக்குத் தனி என்று வால் நீண்டுகொண்டே போனது. எல்லாவற்றையும் எழுதி வாங்கிவிடுங்கள்.

கழிப்பறைத் தொட்டியை முதலில் காலி செய்து, பிறகு குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீரைத் திறந்துவிட்டால் குழாயை அதுவே அலசிவிடும் என்று எழுதியவருக்குக் கோடி புண்ணியம். அந்த வேலை கணவருடையது என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது.

பூங்காவுக்குள் இலவச ஷட்டில் பேருந்து ஓடுவதால் வண்டி நிறுத்திய இடத்திலேயே நிற்கும். போகும்போது ஃபீனிக்ஸிலிருந்து ஐ-17 நெடுஞ்சாலையில் ஃபிளாக்ஸ்டாஃப் ஊர் வரை ஏறத்தாழ 6,000 அடி ஏற்றம். திரும்பும்போது அந்த இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து ஓட்ட வேண்டுமாம். அங்கே ஆர்வி ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.